கேமரா கார்டிலிருந்து டெலிவரி வரை: எடிட்டருக்கான கம்ப்ரஷன், என்கோடிங் முழுமையான வழிகாட்டி

ஒரு வீடியோ பதிவாகும்போதே கேமராவுக்குள் ஒரு முறை சுருங்குகிறது. எடிட்டுக்குத் தயார் செய்யும்போது இன்னொரு முறை. பார்ப்பவர் கைக்குப் போகும்போது மூன்றாம் முறை. மூன்று கட்டத்துக்கும் தேவை வேறு. கேமராவுக்குக் கார்டில் இடம் மிச்சமாக வேண்டும். எடிட்டிங் மென்பொருளுக்கு எந்த ஃப்ரேமைக் கேட்டாலும் அந்த நொடியே திறக்க வேண்டும். பார்ப்பவரின் டிவியிலும் ஃபோனிலும் படம் நிற்காமல் ஓட வேண்டும்.

ஒரு கட்டத்துக்கான ஃபைலை இன்னொரு கட்டத்து வேலைக்கு இழுத்துவிடும்போதுதான் டைம்லைன் திக்குகிறது, ஆடியோ விலகுகிறது, படம் கட்டம் கட்டமாக உடைகிறது. இந்த வழிகாட்டி முழுக்க ஒரு கல்யாண வேலையை எடுத்துக்கொள்கிறது: 1080பி, நொடிக்கு 25 ஃப்ரேம், இரண்டு மணி நேரப் படம். ஃபுட்டேஜில் ஒரு கேமராவின் 4கே க்ளிப்புகள் (எச்.264 என்ற சுருக்கு முறையில் பதிவானவை), உறவினர் ஃபோனில் எடுத்த சில க்ளிப்புகள். டெலிவரி யூடியூபுக்கும் பென் டிரைவுக்கும்.

1. தொடங்கும் முன் தேவையானவை

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் கட்டாயம் வேண்டும். ஒரு ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பெயரை வைத்து யூகிக்காமல் நேரில் பார்க்க அதுதான் வழி. அதோடு வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக், இதுவும் இலவசம். எடிட்டிங்குக்கு பிரீமியர் ப்ரோ, டாவின்சி ரிசால்வ் எதுவானாலும் சரி, கீழே சொல்லும் வரிசை மாறாது.

டிஸ்க் இடத்தை முதலிலேயே கணக்கிட்டுவிடுங்கள். நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிவான 4கே ஃபுட்டேஜ் மணிக்கு 45 ஜிபி. அதற்கு 1080பி அளவில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டுமான சிறிய நகல், எடுத்தால் மணிக்கு 17 ஜிபி கூடும். கடைசியில் மாஸ்டர் ஃபைலுக்கு, அதாவது எடிட் முடிந்த படத்தின் உயர்தரப் பிரதிக்கு, தனி இடம். பாதி ரெண்டரில் டிஸ்க் நிறைந்து நின்றுபோகும் வேலைகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கைப் போடாமல் தொடங்கியவை.

2. பிட்ரேட் கணக்கு

1080பி ஃப்ரேம் ஒன்றில் 20,73,600 பிக்சல்கள். ஒரு பிக்சலுக்கு 24 பிட் என்றால் ஒரு ஃப்ரேம் சுமார் 6.2 எம்பி. நொடிக்கு 25 ஃப்ரேம் வைத்தால் 155 எம்பி, நிமிடத்துக்கு 9.3 ஜிபி. சுருக்காத வீடியோவின் எடை இது.

இதே 1080பி 25 ஃப்ரேம் வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைக்கும் பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் பிட் அளவு, 8 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஆகவே அது நொடிக்கு 1 எம்பி. 155 பங்கில் 154 பங்கை, சுருக்கும் வேலையைச் செய்யும் என்கோடர் எங்கேயோ விட்டுவிட்டு வருகிறது. அது எதை விடுகிறது என்று தெரிந்தவருக்குத்தான் எங்கே உடையும் என்று முன்கூட்டியே தெரியும்.

ஃபைல் அளவுக்கு ஒரே சூத்திரம்: வீடியோ பிட்ரேட்டையும் ஆடியோ பிட்ரேட்டையும் கூட்டி, மொத்த நொடிகளால் பெருக்கி, எட்டால் வகுக்க வேண்டும். பத்து நிமிட வீடியோ, 8 மெகாபிட் படம், 0.384 மெகாபிட் ஒலி: 8.384 × 600 ÷ 8 = சுமார் 629 எம்பி. இந்தக் கணக்கில் ரெசல்யூஷன் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 4கே வீடியோவையும் 8 மெகாபிட்டில் எக்ஸ்போர்ட் செய்தால் அதே 629 எம்பிதான் வரும். படம்தான் மோசமாகும்.

3. என்கோடர் எதை வெட்டுகிறது

முதல் வெட்டு நிறத்தில். நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. அதனால் 4:2:0 முறையில் வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் பதிவாகிறது. நிறமோ நான்கு பிக்சல் கொண்ட சிறு சதுரத்துக்கு ஒரு முறைதான். 24 பிட் பிக்சல் இங்கேயே சராசரியாக 12 பிட் ஆகிவிடுகிறது. 4:2:2 என்றால் 16 பிட், இரண்டு பிக்சலுக்கு ஒரு நிறம்.

இது எங்கே குத்தும்? க்ரீன் ஸ்க்ரீனில் தலைமுடி ஓரம் பிசிறடிக்கும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து கசியும். தமிழ் டைட்டிலில் இது இன்னும் மோசம். ‘ண’, ‘னை’ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் இடைவெளி ஓரிரு பிக்சல்தான். சிவப்பு அந்த இடைவெளிக்குள் வழிந்து சுழியே அடைபட்டுவிடும். டைட்டிலுக்கு வெள்ளை, மஞ்சள் போல வெளிச்சத்திலேயே வேறுபடும் நிறம் எடுங்கள். சிவப்புதான் வேண்டுமென்றால் தடித்த எழுத்து, வெளிர் நிற ஓரக்கோடு.

இரண்டாம் வெட்டு காலத்தில். அடுத்தடுத்த இரண்டு ஃப்ரேம்களில் பெரும்பகுதி ஒன்றேதான். எனவே என்கோடர் ஒரு ஃப்ரேமை மட்டும் முழுதாக எழுதுகிறது, அது ஐ ஃப்ரேம். அடுத்து வரும் பி ஃப்ரேம் முந்தையதிலிருந்து என்ன நகர்ந்தது, என்ன மாறியது என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறது. முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் பார்த்துக் கணிப்பது இன்னொரு வகை, அதை இருதிசை ஃப்ரேம் என்போம். ஓர் ஐ ஃப்ரேமிலிருந்து அடுத்த ஐ ஃப்ரேம் வரையிலான கூட்டத்துக்கு ஜிஓபி என்று பெயர்.

எடிட்டருக்கு வலிக்கும் இடம் இதுதான். ஜிஓபி 50 ஃப்ரேம் நீளம் என்று வையுங்கள். நீங்கள் 47ஆவது ஃப்ரேமில் கர்சரை வைத்தால், அது தனியாக இல்லவே இல்லை. மென்பொருள் முதல் ஐ ஃப்ரேமிலிருந்து அது சார்ந்திருக்கும் ஃப்ரேம்களை எல்லாம் திறந்துகொண்டு வந்து 47ஐக் கட்டி எழுப்ப வேண்டும். பின்னோக்கி ஓட்டினால் இந்த வேலை திரும்பத் திரும்ப நடக்கும். கம்ப்யூட்டர் வேகமாக இருந்தும் கேமரா ஃபைல் திக்குவதன் காரணம் இது. எடிட்டுக்கென்றே அமைந்த ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்றவற்றில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழு ஃப்ரேம். ஃபைல் பெரிது, ஆனால் எங்கே தொட்டாலும் உடனே திறக்கும்.

மூன்றாம் வெட்டு, போனால் திரும்ப வராத வெட்டு. மிச்சமிருக்கும் படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் பரந்த வெளிச்சம் முதல் நுண்ணிய விவரம் வரை எண்களாக மாற்றுகிறார்கள். பிறகு அந்த எண்களை ஒரு படி அளவால் வகுத்து முழு எண்ணாக்குகிறார்கள். குவான்டைசேஷன் என்பது இதைத்தான். கையால் செய்து பார்க்கலாம்.

ஒரு கட்டத்தின் எண்கள் 312, 46, −17, 9, 4 என்று இருக்கட்டும். படி அளவு 20. வகுத்து முழுமையாக்கினால் 16, 2, −1, 0, 0. பூஜ்யங்களை எழுத இடமே தேவையில்லை, மிச்சம் அங்கேதான். திரும்ப 20ஆல் பெருக்கினால் 320, 40, −20, 0, 0. பரந்த வெளிச்சம் ஏறத்தாழ வந்துவிட்டது. பட்டுப்புடவையின் இழையாக இருந்த 9ம் 4ம் போய்விட்டன.

இப்போது இதே ஃபைலை இன்னும் உயர்ந்த தரத்தில், படி அளவு 14 வைத்து மறுபடி என்கோட் செய்வோம். 320 ஆனது 322 ஆகும். மூலத்திலிருந்து நேராக 14இல் செய்திருந்தால் 308 வந்திருக்கும், 312க்கு அது பக்கம். முக்கியமானது அந்த 9. நேராகச் செய்திருந்தால் 14 என்றாவது உயிரோடு இருந்திருக்கும். முதல் என்கோடில் பூஜ்யமானதால் இனி எந்த பிட்ரேட் கொடுத்தாலும் பூஜ்யம்தான். 8 மெகாபிட் ஃபைலை 50 மெகாபிட்டில் எக்ஸ்போர்ட் செய்து தரத்தைக் கூட்ட முடியாது என்பதன் கணக்கு இவ்வளவுதான்.

இந்த மூன்று வெட்டையும் சேர்த்துப் பார்த்தால் எந்தக் காட்சி பிட்டைத் தின்னும் என்று புரியும். அட்சதை தூவும் நேரம், மேடைப் புகை, நீரூற்று, காற்றில் ஆடும் தென்னங்கீற்று: எதுவும் முந்தைய ஃப்ரேமிலிருந்து கணிக்க முடியாதவை. வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்த காட்சியின் நாய்ஸும் அப்படியே. என்கோடருக்கு அது நாய்ஸ் என்று தெரியாது, விவரம் என்று நினைத்து பிட்டைக் கொட்டும், முகத்துக்குப் போக வேண்டியது போகாது. இருட்டுக் காட்சிகளுக்கு மிதமாக டீநாய்ஸ் செய்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்தால் அதே பிட்ரேட்டில் படம் தெளிவாக வருவது இதனால்தான்.

4. கன்டெய்னர் வேறு, கோடெக் வேறு

எம்பி4, எம்ஓவி, எம்கேவி ஆகியவை டப்பாக்கள். எச்.264, எச்.265, ஏவி1, ப்ரோரெஸ் ஆகியவை உள்ளே இருக்கும் பண்டம். ‘எம்பி4 கொடுங்கள்’ என்று கேட்பவர் உண்மையில் கேட்பது பெரும்பாலும் எச்.264. எச்.265 ஆன எம்பி4ஐக் கொடுத்தால் பழைய டிவியில் ஒலி மட்டும் வரும், படம் வராது.

டப்பாவை மட்டும் மாற்றுவதற்கு ரீமக்ஸ் என்று பெயர். ஓபிஎஸ் என்ற திரைப் பதிவு மென்பொருளில் பதிவான எம்கேவியை எம்பி4 ஆக்க அதிலேயே ரீமக்ஸ் வசதி இருக்கிறது. சில நொடிகளில் முடியும், தரம் ஒரு துளி குறையாது. இதற்குப் போய் முழு என்கோட் ஓட்டுபவர்கள் நேரத்தையும் இழக்கிறார்கள், மேலே சொன்ன ‘9’ களையும் இழக்கிறார்கள்.

கோடெக்குகளுக்குள் வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2003இல் வந்த எச்.264 படத்தை 16×16 கட்டங்களாகப் பிரிக்கிறது. 2013இன் எச்.265 64×64 வரை போகும், 2018இன் ஏவி1 128×128 வரை. பெரிய கட்டம் என்றால் வெறும் சுவர், வானம் போன்ற இடங்களைக் குறைந்த பிட்டில் சொல்லிவிடலாம். அதே தரத்துக்கு எச்.265க்கு எச்.264இன் ஏறக்குறைய பாதி பிட்ரேட் போதும். விலை என்னவென்றால், திறப்பதற்கும் எழுதுவதற்கும் கணக்கு அதிகம்.

5. டைம்லைனில் போடும் முன் ஒவ்வொரு க்ளிப்பையும் சோதியுங்கள்

கார்டை முழுதாக, ஃபோல்டர் அமைப்பு கலையாமல் நகலெடுத்த பிறகு, ஒவ்வொரு மூலத்திலிருந்தும் ஒரு க்ளிப்பை மீடியாஇன்ஃபோவில் திறங்கள். பார்க்க வேண்டியவை: கோடெக், ரெசல்யூஷன், ஃப்ரேம் ரேட், ஃப்ரேம் ரேட் மோட், பிட் டெப்த், க்ரோமா சப்சாம்ப்ளிங், கலர் ப்ரைமரீஸ், ஸ்கேன் டைப். ஃபோன் க்ளிப்புகளை மட்டும் ஒன்றுவிடாமல் பாருங்கள், ஒரே ஃபோனிலேயே க்ளிப்புக்கு க்ளிப் மாறும்.

ஸ்கேன் டைப்பில் ‘இன்டர்லேஸ்டு’ என்றிருந்தால் பழைய கேம்கார்டர் ஃபுட்டேஜ். அசையும் இடங்களில் சீப்புப் பல் போல கோடு விழும். அதை டீஇன்டர்லேஸ் செய்துதான் 1080பி டைம்லைனில் சேர்க்க வேண்டும்.

கலர் ப்ரைமரீஸில் ‘பிடி.2020’ என்றிருந்தால் அது எச்டிஆர், அதாவது வழக்கத்தைவிட அதிக வெளிச்ச வீச்சு கொண்ட, க்ளிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐஃபோன் 12 முதல் எச்டிஆர் வீடியோ வசதி உண்டு. அதை வழக்கமான எச்டி நிற அளவான ரெக்.709 டைம்லைனில் அப்படியே போட்டால் வெள்ளைச் சட்டையும் முகமும் வெளுத்து எரியும். கலர் கரெக்‌ஷனில் இழுத்துப் போராடாதீர்கள். க்ளிப்பின் இன்புட் கலர் ஸ்பேஸைச் சரியாகக் குறிப்பிட்டு மென்பொருளையே மாற்றச் சொல்லுங்கள். படம் எடுப்பதற்கு முன்பே கேட்க முடிந்தால், ஃபோனின் கேமரா அமைப்பில் எச்டிஆர் வீடியோவை அணைக்கச் சொல்வது இன்னும் நல்லது.

ஃபோன் க்ளிப்பை வாட்ஸ்அப்பில் வீடியோவாக வாங்கவே வாங்காதீர்கள். அனுப்பும்போதே அது மறுபடி சுருக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் 2 ஜிபி வரை மூல ஃபைல் அப்படியே வரும்.

6. ஃபோன் ஃபுட்டேஜின் ஃப்ரேம் ரேட்டை நிலைப்படுத்துங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் படி இது. கேமரா நொடிக்கு 25 என்றால் 25ஐ எழுதும். ஃபோன் அப்படியில்லை. வெளிச்சம் குறைந்தால், சூடு ஏறினால், ப்ராசஸர் வேறு வேலையில் இருந்தால் ஃப்ரேம்களுக்கு இடையிலான நேரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். மீடியாஇன்ஃபோவில் ஃப்ரேம் ரேட் மோட் ‘வேரியபிள்’ என்று வரும்.

இருபது நிமிடப் பேச்சு, சராசரி 29.87 ஃப்ரேம். மொத்தம் 35,844 ஃப்ரேம்கள். எடிட்டிங் மென்பொருள் இதை 30 என்று எடுத்துக்கொண்டால் படம் 1194.8 நொடியில் முடிந்துவிடும், ஒலி 1200 நொடி ஓடும். கடைசியில் உதடும் ஒலியும் ஐந்து நொடிக்கு மேல் விலகி நிற்கும். தொடக்கத்தில் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இப்போதைய பதிப்புகள் வேரியபிள் ஃபைலைச் சமாளிக்கின்றன, ஆனால் நீளமான க்ளிப்பில் அதை நம்பி உட்காரக் கூடாது.

செய்ய வேண்டியது: ஹேண்ட்பிரேக்கில் க்ளிப்பைத் திறந்து ‘ப்ரொடக்‌ஷன் ஸ்டாண்டர்டு’ ப்ரீசெட்டைத் தேர்ந்தெடுங்கள். எடிட்டுக்கென்றே அமைத்த ப்ரீசெட் அது, பிட்ரேட் தாராளமாக வரும். வீடியோ பக்கத்தில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ குறியிடப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். ஃப்ரேம் ரேட் எண்ணை மூலத்துக்கு அருகில் இருக்கும் எண்ணுக்கு வையுங்கள், அதாவது இங்கே 30.

ஏன் நேராக 25க்கு மாற்றவில்லை? 30ஐ 25 ஆக்கினால் ஆறு ஃப்ரேமுக்கு ஒன்று தூக்கி எறியப்படும். கேமரா பக்கவாட்டில் திரும்பும் இடங்களில் குதிக்கும். அந்த முடிவை ஃபைலுக்குள் சுட்டு வைத்துவிடாமல் டைம்லைனில் விட்டால், ஷாட்டுக்கு ஷாட் பார்த்து, தேவையான இடத்தில் இடைப்பட்ட ஃப்ரேம்களைக் கணித்து உருவாக்கும் ஆப்டிகல் ஃப்ளோ போட்டோ, கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டோ சரிசெய்யலாம். முன்கூட்டியே வழி இருந்தால் ஐஃபோனில் வீடியோ பதிவு அமைப்புக்குள் ‘ஷோ பால் ஃபார்மட்ஸ்’ என்பதை இயக்கி 25ஐத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 ஃப்ரேமில் ஷட்டர் 1/50 வைத்தால் மண்டப விளக்கு மினுக்குவதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

7. ப்ராக்ஸியா, டிரான்ஸ்கோடா என்று முடிவு செய்யுங்கள்

இரண்டும் ஒன்றென்று நினைப்பது பரவலான தவறு. ப்ராக்ஸி என்பது எடிட் செய்வதற்கு மட்டுமான சிறிய நகல், எக்ஸ்போர்ட்டில் மூல ஃபைல்தான் போகும். டிரான்ஸ்கோட் என்பது மூலத்தின் இடத்தையே பிடிக்கும் பெரிய நகல். மூலம் நன்றாக இருந்து, திறப்பதற்குக் கனமாக மட்டும் இருந்தால் ப்ராக்ஸி. வேரியபிள் ஃப்ரேம் ரேட் போல மூலத்திலேயே கோளாறு இருந்தால் டிரான்ஸ்கோட். நம் வேலையில் கேமரா க்ளிப்புக்கு ப்ராக்ஸி, ஃபோன் க்ளிப்புக்கு டிரான்ஸ்கோட்.

ப்ராக்ஸி கோடெக்கை ப்ரோரெஸ் ப்ராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி என்று வையுங்கள். ப்ராக்ஸியையும் எச்.264இல் எடுத்தால் ஃபைல் சிறிதாகும், ஆனால் ஜிஓபி பிரச்சினை அப்படியே கூடவே வரும்.

பிரீமியரில் ப்ராக்ஸியை வெளியே தயாரித்து இணைப்பதானால் ஃப்ரேம் ரேட்டும் ஆடியோ சேனல் எண்ணிக்கையும் மூலத்தோடு ஒத்திருக்க வேண்டும். கேமரா நான்கு சேனல் எழுதியிருக்க ப்ராக்ஸியில் இரண்டு மட்டும் இருந்தால் இணைப்பு மறுக்கப்படும். மென்பொருளுக்குள்ளேயே ப்ராக்ஸி உருவாக்கினால் இந்தச் சிக்கல் குறைவு.

கேமரா 10 பிட் 4:2:2இல் பதிவு செய்திருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். என்விடியா ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளில் 4:2:2ஐத் திறக்கும் ஹார்ட்வேர் கிடையாது. எவ்வளவு விலை உயர்ந்த கார்டானாலும் ப்ராசஸர்தான் சுமக்கும். 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் ப்ராசஸர்களின் உள் கிராஃபிக்ஸ் எச்.265 4:2:2ஐத் திறக்கும். ப்ராசஸர் பெயர் எஃப் என்று முடிந்தால் அந்த உள் கிராஃபிக்ஸே இருக்காது. கம்ப்யூட்டர் வாங்கும் முன் பார்க்க வேண்டிய விஷயம் இது. ஏற்கெனவே வாங்கிவிட்டவருக்கு ப்ராக்ஸிதான் வழி.

8. டைம்லைன் அமைப்பு

முதல் க்ளிப்பை இழுத்துப் போட்டு, மென்பொருள் கேட்கும் கேள்விக்கு ‘ஆம்’ சொல்லி அமைக்காதீர்கள். அந்த முதல் க்ளிப் ஃபோனுடையதாக இருந்தால் டைம்லைன் 29.97க்கோ 30க்கோ போய்விடும், கேமரா ஃபுட்டேஜ் முழுவதும் குதிக்கும். பெரும்பாலான ஃபுட்டேஜ் எந்த ரேட்டோ அதுதான் டைம்லைனின் ரேட்: இங்கே 25. ரிசால்வில் மீடியாவை உள்ளே கொண்டுவந்த பிறகு ப்ராஜெக்ட்டின் ஃப்ரேம் ரேட்டை மாற்ற விடாது, ஆகவே க்ளிப் எதையும் சேர்க்கும் முன் அமைத்துவிடுங்கள்.

9. முதலில் மாஸ்டர், பிறகு டெலிவரி

எடிட் முடிந்ததும் நேராக யூடியூப் ஃபைலை எடுக்கத்தான் கை போகும். அதற்கு முன் ஒரு மாஸ்டர் எடுங்கள். யூடியூபுக்கு ஒன்று, பென் டிரைவுக்கு ஒன்று, ரீல்ஸுக்கு ஒன்று என்று மூன்று முறை டைம்லைனிலிருந்து எடுத்தால் கலர், டீநாய்ஸ் எல்லாம் மூன்று முறை ரெண்டராகும். மாஸ்டர் இருந்தால் அந்தக் கனமான வேலை ஒரே முறை. ஆறு மாதம் கழித்து வேறு அளவில் கேட்டு வந்தாலும் ப்ராஜெக்ட்டைத் திறக்கவே வேண்டாம்.

1080பி 25 ஃப்ரேமில் ப்ரோரெஸ் 422 மணிக்கு 55 ஜிபி, 422 எச்க்யூ 83 ஜிபி. மூலம் 8 பிட் 4:2:0 என்றால் 422 போதும், எச்க்யூவில் கண்ணுக்குத் தெரியும் லாபம் கிடையாது. 10 பிட் லாக் ஃபுட்டேஜை (பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறிய தோற்றத்தில் பதிவானது) அழுத்தமாக கிரேட் செய்திருந்தால் எச்க்யூ எடுங்கள். 4444 வகை டிரான்ஸ்பரன்ட் பின்னணி தேவைப்படும் கிராஃபிக்ஸுக்கு மட்டும். டிஎன்எக்ஸ்எச்ஆரில் எடுப்பவர்கள் 10 பிட் வேலைக்கு எச்க்யூஎக்ஸ் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எக்ஸ்போர்ட் பக்கத்தில் இரண்டு பெட்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். ‘யூஸ் ப்ராக்ஸீஸ்’ அணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சிறிய நகலே மாஸ்டராகிவிடும். ‘யூஸ் ப்ரிவ்யூஸ்’ அணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எடிட்டின்போது அவசரத்துக்கு ரெண்டரான குறைந்த தர ப்ரிவ்யூ ஃபைல்கள் உள்ளே புகும்.

10. டெலிவரி ஃபைல்

முதலில் பிட்ரேட் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஃபைல் அளவுக்கு வரம்பு இல்லையென்றால் நிலைத் தர முறை சிறந்தது. ஹேண்ட்பிரேக்கில் அது ஆர்எஃப் என்ற ஸ்லைடர். எண் குறைந்தால் தரம் கூடும். ஆறு எண் இறக்கினால் ஃபைல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எச்.264 1080பிக்கு 20 முதல் 24 வரை வழக்கம். வாடிக்கையாளர் பாதுகாத்து வைக்கும் பிரதிக்கு 18 வையுங்கள். எளிய காட்சிக்குக் குறைவாகவும் அட்சதைக் காட்சிக்கு அதிகமாகவும் அதுவே பங்கிட்டுக்கொள்ளும்.

ஃபைல் இத்தனை ஜிபிக்குள் அடங்கியே தீர வேண்டும் என்றால் சராசரி பிட்ரேட்டும் இரண்டு பாஸும். முதல் பாஸில் எந்த இடம் கடினம் என்று முழுப் படத்தையும் படித்துக்கொண்டு, இரண்டாம் பாஸில் பங்கிடும். கிராஃபிக்ஸ் கார்டின் ஹார்ட்வேர் என்கோடிங் வேகமானது, ஆனால் குறைந்த பிட்ரேட்டில் மென்பொருள் என்கோடரைவிட ஒரு படி தாழ்வாகவே தெரியும். 20 மெகாபிட்டுக்கு மேல் என்றால் ஹார்ட்வேரைத் தயங்காமல் பயன்படுத்தலாம். 4 மெகாபிட் என்றால் பொறுமையாக மென்பொருளில் எடுங்கள்.

யூடியூபுக்கு: எம்பி4, எச்.264 ஹை ப்ரொஃபைல், 4:2:0, ப்ரோக்ரஸிவ், ஆடியோ ஏஏசி 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ 384 கிலோபிட். அவர்கள் சொல்லும் 8 மெகாபிட் அடிப்படை அளவு. ஏற்றியதை யூடியூப் எப்படியும் மறுபடி என்கோட் செய்யும். நீங்கள் 8இல் கொடுத்தால் உங்கள் பூஜ்யங்களின் மேல் அவர்களின் பூஜ்யங்கள் ஏறும். பத்து நிமிட ஹைலைட்ஸை 20 மெகாபிட்டில் கொடுங்கள், 1.5 ஜிபிதான் ஆகும். மூலம் 4கே என்பதால் ஹைலைட்ஸை 4கேயிலேயே முடித்து 45 மெகாபிட்டில் ஏற்றுவது இன்னும் நல்லது. 1440பிக்கு மேல் யூடியூப் விபி9, ஏவி1 கோடெக்குகளைக் கொடுப்பதால் பார்ப்பவருக்குத் தெளிவு கூடும்.

பென் டிரைவுக்கு: டிவி எதைப் படிக்கும் என்பதுதான் இங்கே முதலாளி. எச்.264, 8 பிட், 4:2:0, ஹை ப்ரொஃபைல், லெவல் 4.1 வையுங்கள். பென் டிரைவ்கள் பலவும் ஃபேட்32 முறையில் இருக்கும், அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் வரம்பு போகும், ஆனால் பழைய டிவிகள் பல அதைப் படிக்காது.

இரண்டு மணி நேரம் 7200 நொடி. ஆடியோ 0.2 மெகாபிட், வீடியோ 4 மெகாபிட்: 4.2 × 7200 ÷ 8 = 3780 எம்பி. அடங்குகிறது, ஆனால் அட்சதைக் காட்சி கட்டம் கட்டமாக உடையும். அதைவிட, முகூர்த்தம் ஒரு பாகம், வரவேற்பு ஒரு பாகம் என்று ஒரு மணி நேரமாகப் பிரியுங்கள்: 8.2 × 3600 ÷ 8 = 3690 எம்பி. அதே ஃபேட்32 வரம்புக்குள் இரண்டு மடங்கு பிட்ரேட் கிடைத்துவிட்டது. பார்ப்பவருக்கும் தேடுவது சுலபம்.

இணையத்தில் நேரடியாக ஓடும் ஃபைல் என்றால் ஹேண்ட்பிரேக்கில் ‘வெப் ஆப்டிமைஸ்டு’, ரிசால்வில் ‘நெட்வொர்க் ஆப்டிமைசேஷன்’ குறியிடுங்கள். எம்பி4இன் உள்ளடக்க அட்டவணை வழக்கமாக ஃபைலின் கடைசியில் எழுதப்படும். இந்தக் குறி அதை முன்னால் கொண்டுவந்துவிடும், முழுதும் இறங்கும் வரை காத்திராமல் ஓடத் தொடங்கும்.

முழு எக்ஸ்போர்ட்டுக்கு முன் ஒரு சிறு சோதனை: படத்திலேயே மிகக் கடினமான 20 நொடியை, அதாவது அட்சதை தூவும் இடத்தை, தேர்ந்தெடுத்த அமைப்பில் எடுத்துப் பாருங்கள். அது தாங்கினால் மீதி எல்லாம் தாங்கும். அமைதியான பேட்டிக் காட்சியை வைத்துச் சோதித்து ஏமாறுபவர்கள் நிறைய.

11. கொடுக்கும் முன் சோதனையும் கோளாறு கண்டுபிடிப்பதும்

ஃபைலை மீடியாஇன்ஃபோவில் திறந்து, கேட்டபடிதான் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அளவு உங்கள் கணக்கிலிருந்து வெகுவாக விலகினால் ஏதோ அமைப்பு மாறியிருக்கிறது. பிறகு முதல் நிமிடம், நடு, கடைசி நிமிடம் மூன்றையும் ஒலியோடு ஓட்டுங்கள். உதட்டசைவைக் கடைசி நிமிடத்தில்தான் சோதிக்க வேண்டும், 6ஆவது படியில் பார்த்த விலகல் அங்கேதான் முழுதாகத் தெரியும். எடிட் செய்த மானிட்டரில் மட்டும் பார்க்காமல் ஒரு ஃபோனிலும் ஒரு டிவியிலும் ஓட்டுங்கள்.

வானத்திலோ மேடை விளக்கின் ஒளிவட்டத்திலோ பட்டை பட்டையாகத் தெரிந்தால், 8 பிட்டின் 256 படிகள் அந்த மென்மையான மாற்றத்துக்குப் போதவில்லை என்று பொருள். பிட்ரேட்டைக் கூட்டினால் மட்டும் போகாது. கிரேடிங்கில் மெல்லிய க்ரெயின் சேருங்கள், படிகளின் ஓரம் கலைந்து பட்டை மறையும். அதற்கு மட்டும் பிட்ரேட்டைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், இல்லையென்றால் என்கோடர் அந்தக் க்ரெயினையே துடைத்துவிடும்.

கறுப்பு சாம்பலாக வெளிறியோ, மாறாக நிழல் எல்லாம் அடைத்துப்போயோ வந்தால் அது கம்ப்ரஷன் குற்றமில்லை. வீடியோ வழக்கமாக கறுப்பை 16இலும் வெள்ளையை 235இலும் வைக்கிறது. முழு அளவு 0 முதல் 255 வரை. எங்கோ ஓரிடத்தில் ஒன்றை மற்றொன்றாகப் படித்திருக்கிறது. ஸ்க்ரீன் ரெகார்டிங் கலந்த வேலைகளில் இது அடிக்கடி நடக்கும். ரிசால்வில் அந்தக் க்ளிப்பின் ‘டேட்டா லெவல்ஸ்’ அமைப்பை ஃபுல், வீடியோ என்று மாற்றிப் பார்த்தால் எது சரி என்று உடனே தெரியும். இதை கான்ட்ராஸ்ட் ஏற்றி மூடி மறைத்தால், வேறு டிவியில் வேறு மாதிரி வந்து நிற்கும்.

படம் முழுவதும் சரியாக இருந்து ஒரே ஒரு ஷாட் மட்டும் மங்கலாக இருந்தால் என்கோடர் அமைப்பைத் தொடாதீர்கள். அந்தக் க்ளிப்பின் மூல ஃபைல் இணைப்பு அறுந்து ப்ராக்ஸியே போயிருக்கிறதா, அல்லது அது வாட்ஸ்அப் வழியாக வந்த க்ளிப்பா என்று பாருங்கள். மூல ஃபைலை மறுபடி இணைத்து, அந்த ஷாட் இருக்கும் பகுதியை மட்டும் ரெண்டர் செய்து மாஸ்டரில் அதே இடத்தில் வைத்து, அங்கிருந்து டெலிவரி ஃபைலை மறுபடி எடுத்தால் போதும். ப்ரோரெஸ் மாஸ்டரில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்பதால் இந்த ஒட்டுவேலை சுலபம்.